பனங்கட்டியின் முன்னங்கால் எலும்பு

ஒரு சமயம் மூலனூருக்குத் தெற்கே, கிளுவை வேலி போட்ட ஒரு மேய்ச்சல் காட்டில், செம்மறிக் கிடாய்க் குட்டி ஒன்றின் வலது முன்னங்காலில் ஓர் எலும்பு இருந்தது.

பெரிய எலும்பு ஒன்றுமில்லை. ஒரு சாண் நீளம்கூட வராது. குட்டி நின்றால் தாங்கும். ஓடினால் தாங்கும். துள்ளிக் குதித்துக் கீழே வந்தால் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்கும். தன்னைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பதுதான் தன் வேலை ஒழுங்காக நடப்பதற்கு அடையாளம் என்று அது நினைத்திருந்தது.

குட்டிக்குப் பெயர் பனங்கட்டி. நிறம் அப்படியே கருப்பட்டி. அந்தப் பெயரை வைத்தவள் காட்டுக்காரர் சென்னிமலையின் மனைவி பூவாத்தாள். பெயர் வைக்கும் அளவுக்கு அந்த வீட்டில் வேறு எந்த ஆட்டுக்கும் மரியாதை கிடையாது. பனங்கட்டிக்கு மட்டும் ஏன் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஆவணி மாதம் ஒரு முகூர்த்த நாளில் வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பட்டிக்குக் காவலாக சென்னிமலையின் அண்ணன் நாச்சிமுத்து இருப்பதாகப் பேச்சு. நாச்சிமுத்து பதினொரு மணி வரைக்கும் இருந்தார். அப்புறம், ஒரு எட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்தார். அவர் இலையில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் தெருநாய்கள் ஏழெட்டு வேலிக்குள் புகுந்து பதினாலு ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டன. அதில் பட்டியின் ஒரே பொலிகிடாயும் ஒன்று. பிறந்து ஒன்பது நாள் ஆன பனங்கட்டியின் தாயும் ஒன்று.

மிஞ்சியது ஆறு பெட்டை ஆடுகள். அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டிருந்த பனங்கட்டி.

அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. திட்டிக்கொள்ளவில்லை. சண்டை போடவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால் ஒரு நாளைக்கு இருபது தரம் பேசாமல் இருக்க வேண்டியிருந்தது.

"இந்தக் குட்டி நிமிந்துதுன்னா பட்டி நிமிந்துக்கும்" என்று சென்னிமலை பூவாத்தாளிடம் சொன்னார். அவர்களுடையது முப்பது வருஷமாக ஒரே வழியில் வந்த ஆடுகள். வெளிக் கிடாய் வாங்கிச் சேர்க்க அவருக்கு மனசு இல்லை. இந்தப் பேச்சு தோல், சதை எல்லாம் தாண்டி எலும்பின் காதில் விழுந்தது. ஒரு பட்டியே தன் மேல் நிற்கப்போகிறது என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது. அது இன்னும் கொஞ்சம் நேராக நின்றுகொண்டது.

வளர்கிற எலும்புக்குள் ஒரு நாளும் வேலை ஓயாது. முதலில் நார்கள் வந்து படுக்கும். அவற்றின் மேல் சுண்ணாம்பு வந்து பூசும். நாரும் நாரும் விலகிப் போகாமல் குறுக்கே முடிச்சுப் போடுவது செம்பின் வேலை. வேலையை எந்தப் பக்கம் நீட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று ஏவுவது துத்தநாகத்தின் வேலை.

சுண்ணாம்பு கூட்டமாக வரும். அதன் வேலை அப்படி. செம்பும் துத்தநாகமும் அப்படி இல்லை. நாலு பேர், ஐந்து பேர் வருவார்கள். செம்பு வந்ததே தெரியாது. ஒரு மூலையில் உட்கார்ந்து நாலு முடிச்சைப் போட்டுவிட்டு, "வரட்டுங்களா" என்று கிளம்பிவிடும்.

ஒரு நாள் எலும்பு கேட்டது, "ஏனப்பா, நீங்க இன்னும் பத்துப் பேரு வந்தா வேல சீக்கிரம் முடியுமில்ல?"

"முடிச்சுப் போடற எடத்துல ரெண்டு கைதாங்க நொழையும்" என்றது செம்பு.

எலும்புக்கு அது பெரிதாகப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் அப்போது இல்லை.

இவர்கள் எல்லோரும் உள்ளே வருவது குடலில் இருக்கும் ஒரு வாசல் வழியாக. அங்கே ஒரு காவல்காரன் உண்டு. நேர்மையானவன். வருகிறவர்களைப் பார்த்து, வேண்டியவர்களை உள்ளே விட்டு, ரத்தத்தின் வண்டியில் ஏற்றி அனுப்புவான். செம்புக்கும் துத்தநாகத்துக்கும் சேர்த்து அவனிடம் அதிக இடம் இல்லை. நாலைந்து பேர்தானே என்று அதுவரை யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

ஐப்பசி மழையில் பனங்கட்டிக்குக் கழிச்சல் கண்டது. இரண்டு நாள் தண்ணியாகப் போயிற்று. பூவாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. கைக்குழந்தைகளுக்குப் பேதி ஆனால் கொடுக்கும் துத்தநாக மாத்திரை அவளுக்குத் தெரியும். மெடிக்கலில் ஓர் அட்டை வாங்கி வந்து, பாலில் கரைத்துப் புட்டியில் கொடுத்தாள். மூன்றாம் நாள் கழிச்சல் நின்றது. மழையும் அன்றுதான் நின்றது. பூவாத்தாள் மழையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நின்ற பிறகும் மாத்திரையை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் வந்துவிட்டால்? காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. புருஷனிடம் சொல்லவில்லை. மனுஷ மாத்திரையை ஆட்டுக்குக் கொடுக்கிறாள் என்று சிரிப்பார்.

சென்னிமலை தீவனக் கடையில் ஒரு பை தாது உப்புத் தூள் வாங்கி வந்தார். பையின் மேல் கொழுத்த ஆடு ஒன்றின் படம் இருந்தது. ஒரு குட்டிக்கு ஒரு சிட்டிகை என்று போட்டிருந்தது. பட்டிக்கே ஒரு குட்டிதான் என்கிறபோது சிட்டிகை போட அவருக்குக் கை வரவில்லை. தவிட்டில் ஒரு கைப்பிடி கலந்து வைத்தார். பூவாத்தாளிடம் சொல்லவில்லை. கழிச்சல் கண்ட குட்டிக்குப் பாலும் புல்லும் தவிர ஒன்றும் கூடாது என்று அவள் சட்டம் போட்டிருந்தாள்.

நாச்சிமுத்துவிடம் முன்பு அவர் கோழி வளர்த்தபோது மிஞ்சிய சத்துத் தூள் ஒரு டப்பா இருந்தது. குஞ்சுகளை அது எப்படி நிமிர்த்தியது என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். மத்தியானத்தில் தம்பி வீட்டில் எல்லோரும் கண் அயர்ந்த பிறகு அவர் வேலி ஓரமாக வந்து, நாக்கை மடித்து மெல்லச் சீழ்க்கை அடிப்பார். பனங்கட்டி ஓடி வரும். வெல்லத்தில் தூளைப் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருண்டையாக உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அது தின்று முடிக்கும் வரை வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டிய ஆளிடம்தான் பேச்சு இல்லையே.

மாத்திரை, தூள், உருண்டை. மூன்றுக்கும் மூன்று ருசி. மூன்றிலும் இருந்தது துத்தநாகம்.

வாசல் காவல்காரன் முதல் நாள் கூட்டத்தைப் பார்த்துத் திருவிழா என்று நினைத்தான். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாள் இன்னும் அதிகமாக வந்தார்கள். துத்தநாகங்கள் தள்ளுமுள்ளு செய்யவில்லை. வரிசையாக, பணிவாக நின்றார்கள்.

"என்ன வேணும்?" என்றான் காவல்காரன்.

"ஒண்ணும் வேண்டாங்க. ஒத்தாசைக்கு வந்திருக்கோம்."

"இத்தன பேரா?"

"அனுப்பி வெச்சாங்க" என்றது முன்னால் நின்ற துத்தநாகம். "ரொம்பப் பாசமா அனுப்பி வெச்சாங்க."

காவல்காரனால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. கூட்டத்தைப் பிடித்து நிறுத்தக் கூடுதல் ஆட்களைப் போட்டான். அவசரத்துக்குச் சேர்த்த ஆட்கள். வருகிற உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், தங்கள் முறை முடிந்ததும் பிடித்ததோடு கழிவுப் பாதையில் வெளியேறிவிட வேண்டும் என்பது அவர்களுக்குச் சொன்ன வேலை. செய்தார்கள். ஆனால் அவர்கள் கைவாகு எப்படியோ, துத்தநாகத்தைப் பிடிப்பதைவிடச் செம்பைப் பிடிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. துத்தநாகம் வழுக்கிக்கொண்டு பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. செம்பு ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நான் முடிச்சுப் போடறவனுங்க. கால்ல வேல கெடக்குது" என்று செம்பு சொல்லிப் பார்த்தது.

"உலோகமா, இல்லியா?"

"உலோகந்தாங்க."

"அப்ப வா."

எலும்புக்கு இது எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், செம்பு வருவது நின்றுபோயிற்று, துத்தநாகம் வந்துகொண்டே இருக்கிறது. வந்தவர்கள் ஆளுக்கு ஓர் ஓரத்தில் நின்றுகொண்டு வேலை ஏவினார்கள். ஒருவர் நீட்டச் சொன்ன இடத்தில் இன்னொருவர் நிறுத்தச் சொன்னார். ஏவ ஒன்றும் கிடைக்காதவர்கள் சும்மா இருக்கக் கூச்சப்பட்டு, சுண்ணாம்பு உட்கார வேண்டிய இடத்தில் தாங்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

"கொஞ்சம் நகந்துக்குங்க, எனக்கு எடமில்ல" என்றது சுண்ணாம்பு.

"நாங்க ஒரு ஓரமாத்தாங்க இருக்கறம்" என்றன துத்தநாகங்கள். அதுவும் உண்மைதான். எல்லா ஓரத்திலும் இருந்தார்கள்.

எலும்பு ரத்தத்தைக் கூப்பிட்டது. "ஏப்பா, செம்பு எங்க? நார் பூரா முடிச்சில்லாமக் கெடக்குது. குட்டி ஓடறப்ப உள்ள என்னமோ வழுக்கறாப்புல இருக்குது."

"வாசல்ல சொல்றேன்" என்று ரத்தம் போனது. ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வந்தது. "சொன்னேன். ஆள் பத்தலியான்னு கேட்டாங்க."

"ஆமான்னு சொன்னியா?"

"ஆமான்னுதான் சொன்னேன்."

"அப்புறம்?"

"இன்னும் எரநூறு துத்தநாகம் ஏத்தி விட்டிருக்காங்க. பின்னால வருது."

வெளியே பார்ப்பதற்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பனங்கட்டி முன்னைப் போல மளமளவென்று வளரவில்லை என்பதை மூன்று பேரும் தனித்தனியாகக் கவனித்தார்கள். தனித்தனியாகக் கவலைப்பட்டார்கள். பூவாத்தாள் சாயந்திரம் ஒரு மாத்திரை என்பதை இரண்டாக்கினாள். சென்னிமலையின் கைப்பிடி கொஞ்சம் பெருத்தது. நாச்சிமுத்துவின் உருண்டை நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சங்காய் ஆயிற்று.

மார்கழி நடுவில் ஒரு மத்தியானம், சீழ்க்கைச் சத்தம் கேட்டு பனங்கட்டி திரும்பிப் பார்த்தது. அப்போது அது ஒரு பலகைக் கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது. அரை அடி உயரம் இருக்கும். அதே கல்லிலிருந்து அது நூறு தரம் குதித்திருக்கிறது.

குதித்தது.

எலும்பு எப்போதும் போல மூச்சைப் பிடித்துக்கொண்டது. பாரம் வந்து இறங்கியது. நார்கள் ஒன்றை ஒன்று பிடிக்கப் பார்த்தன. பிடிக்க முடிச்சு இல்லை. நடுவில் ஒரு கீறல் கிளம்பி, உட்கார்ந்திருந்த துத்தநாகங்களுக்கு இடையே நிதானமாக வழி கண்டுபிடித்துப் போய், மறுபக்கம் வெளியே வந்தது.

'மடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த எள்ளுச் செடியின் தண்டு ஒடிகிற சத்தம்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த நாச்சிமுத்து அதைக் கேட்டார். அவர் கையிலிருந்த உருண்டை கீழே விழுந்தது. கிளுவை முள் சட்டையைக் கிழித்ததுகூடத் தெரியாமல் உள்ளே வந்தார். குட்டி கத்தவில்லை. மூன்று காலில் நின்றுகொண்டு, நாலாவது கால் ஏன் தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதை மார்போடு தூக்கிக்கொண்டு, நாலு மாதமாக மிதிக்காத தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அம்மிணி" என்றார். தம்பி மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

பூவாத்தாள் வெளியே வந்து பார்த்தாள். பின்னாலேயே சென்னிமலை வந்தார். அவர் அண்ணனையும் பார்த்தார், தொங்குகிற காலையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மொபெட்டை வெளியே தள்ளினார்.

கால்நடை மருந்தகம் ஏழு கிலோமீட்டர். சென்னிமலை ஓட்ட, நாச்சிமுத்து பின்னால் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே வண்டியில், ஒட்டி உட்கார்ந்து, ஏழு கிலோமீட்டரும் பேசாமல் போனார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் சென்னிமலை வண்டியை மெதுவாக்கினார். ஒவ்வொரு பள்ளத்திலும் நாச்சிமுத்து எலும்பைச் சுற்றித் தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார். பள்ளம் தாண்டிய பிறகும் அந்தக் கை விலகவில்லை. உடைந்தது நான், இவர் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எலும்புக்கு விளங்கவில்லை. பூவாத்தாள் மினி பஸ் பிடித்து அவர்களுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

கால்நடை மருத்துவர் யாஸ்மின் காலைத் தொட்டுப் பார்த்தார். குட்டியின் வாய், கண், முதுகு எல்லாம் பார்த்தார்.

"எவ்வளவு உயரத்துல இருந்துங்க?"

"அரையடிங்க" என்றார் நாச்சிமுத்து.

"அரையடியில ஒடையற காலா இது?" யாஸ்மின் குட்டியின் கண்ணைச் சுற்றி இருந்த முடியை விரலால் விலக்கினார். "இது நெறம் என்னங்கக்கா?"

"பனங்கட்டி நெறங்க டாக்டரம்மா."

"இப்பப் பாருங்க."

பூவாத்தாள் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகம்தான். கண்ணைச் சுற்றியும் காது ஓரத்திலும் முடி வெளுத்து, தண்ணி ஊற்றின பனங்கட்டி போல ஆகியிருந்தது.

"ஒடம்புல செம்புச் சத்து கொறஞ்சா இப்படி வெளுக்கும். எலும்பும் இத்துப்போகும். ரத்தம் எடுத்து அனுப்பறேன், அதுல தெரிஞ்சிரும். அதுக்கு முன்னால சொல்லுங்க, இதுக்கு என்ன குடுக்கறீங்க?"

"பாலும் புல்லுந்தாங்க" என்றாள் பூவாத்தாள்.

"ஆமாங்க" என்றார் சென்னிமலை.

நாச்சிமுத்து சுவரில் இருந்த கோமாரி நோய்த் தடுப்பூசி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

யாஸ்மினுக்கு இந்த ஊரில் ஆறு வருஷ அனுபவம். அவர் மறுபடியும் கேட்காமல் மூங்கில் பத்தைகளை எடுத்து, பஞ்சு சுற்றி, காலை நேராக இழுத்து வைத்தார். அப்போதுதான் பனங்கட்டி முதல் முறையாகக் கத்தியது. சின்னச் சத்தம்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"கொழந்தைங்களுக்குப் பேதியானாக் குடுக்கற மாத்திரை குடுத்தனுங்க" என்றாள் பூவாத்தாள்.

"தாது உப்பு ஒரு கை போட்டனுங்க" என்றார் சென்னிமலை.

"சத்துத் தூள் உருண்டை" என்றார் நாச்சிமுத்து.

சொல்லிவிட்டு மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டிக்கொண்டிருந்த யாஸ்மினின் கை நிற்கவில்லை.

"எத்தன நாளாங்க?"

"ரெண்டு மாசங்க."

"தெனமுமா?"

"தெனமும்" என்று மூன்று குரலும் வந்தன.

"மூணுலயும் துத்தநாகம் இருக்குதுங்க. துத்தநாகம் நல்லதுதான். ஆனா அது கூட்டமா உள்ள போச்சுன்னா செம்பை உள்ள விடாது. செம்பு இல்லாம எலும்பு வெறும் சுண்ணாம்புக் குச்சி. சாக்பீஸ் மாதிரி ஒடையும்."

பூவாத்தாள் உடனே கேட்டாள்: "அப்ப இதுக்குச் செம்பு குடுத்துர்லாங்களா? எவ்வளவு குடுக்கோணும்?"

யாஸ்மின் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, செம்மறிக்குச் செம்பு விஷங்க. கொஞ்சம் கூடுனாலும் ஈரல்ல போய்ச் சேந்துட்டே இருக்கும். ஒரு நாள் மொத்தமா எறங்கி ஆளையே சாச்சுப்போடும். ஒண்ணும் குடுக்காதீங்க."

"ஒண்ணுமேங்களா?"

"காட்டுல வுட்டு மேயுங்க. கொழுக்கட்டைப் புல்லு இருக்குது, வேலங்காய் இருக்குது, தண்ணி இருக்குது. அதுல இருக்கற செம்பு போதும்."

"ஒண்ணும் குடுக்காம எப்புடீங்க பாத்துட்டு இருக்கறது?" என்றாள் பூவாத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அதுதாங்க வைத்தியம். கஷ்டமான வைத்தியந்தான்."

அப்போது நாச்சிமுத்து சுவரைப் பார்த்தபடியே பேசினார். "அன்னைக்கும் நாந்தான் கெடுத்தேன். பட்டியே போச்சு. இதையாவது தேத்திக் குடுத்தரலாம்னு பாத்தேன். இன்னைக்கு இதையும் ஒடச்சுப்போட்டேன்."

பத்தையில் கடைசி முடிச்சு விழுந்தது.

"அண்ணா" என்றார் சென்னிமலை. நாலு மாதத்துக்குப் பிறகு வந்த சொல் என்பதால் அது சற்றுக் கரகரவென்று வந்தது. "நான் ஒரு கை போட்டேன். பையில சிட்டிகைன்னுதான் போட்டிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

நாச்சிமுத்து திரும்பவில்லை. ஆனால் விளம்பரத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டார்.

திரும்பி வரும்போது மொபெட்டில் பேச்சு இருந்தது. அதிகமில்லை. "பள்ளம் வருது, பாத்து." "பாத்துட்டுத்தான் இருக்கறேன்." அவ்வளவுதான். பத்தைக்குள் இருந்த எலும்பு அதைக் கேட்டுக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் சிரமமாக இருந்தன. மாத்திரை அட்டை குப்பைக்குப் போயிற்று. தாது உப்புப் பை கடைக்கே திரும்பியது. நாச்சிமுத்துவின் டப்பாவை அவரே குழி வெட்டிப் புதைத்தார். பூவாத்தாள் காலையில் எழுந்ததும் கை தானாக எதையோ தேடும். தேடி, ஒன்றும் இல்லாமல், குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகில் வெறும் கையை வைத்துக்கொள்வாள். நாச்சிமுத்து இப்போது வாசல் வழியாகவே வந்தார். வந்து, "என்ன பண்ணுது?" என்பார். "நிக்குது" என்பாள். "நிக்கட்டும்" என்பார். போய்விடுவார்.

உள்ளே குடல் வாசலில் காவல்காரன் ஒரு நாள் காலையில் வெளியே எட்டிப் பார்த்தான். கூட்டம் இல்லை. வழக்கம் போல நாலைந்து பேர் நின்றார்கள். அவசரத்துக்குச் சேர்த்த ஆட்கள் முறை முடிந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். புதிதாக யாரையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள், உடைந்த இடத்துக்கு ஒரு செம்பு வந்து சேர்ந்தது.

எலும்பு அதை ஏற இறங்கப் பார்த்தது. அப்புறம், "இத்தன நாளா எங்கப்பா போயிருந்தே?" என்றது.

"எங்கயும் போகலீங்க. தெனமும் வாசலுக்கு வந்தேன். தெனமும் புடிச்சு வெளிய வுட்டாங்க."

"ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமில்ல?"

"சொல்றதுக்கும் அந்த வாசல்தானுங்களே" என்றது செம்பு. வளையத்தைப் போல ஒரு முடிச்சைப் போட்டது. இழுத்துப் பார்த்தது. அடுத்த நாருக்குப் போனது.

மாசி கடைசியில் பத்தையை அவிழ்த்தார்கள். கால் முழுக்க நேராகக் கூடவில்லை. முழங்காலுக்குக் கீழே லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது. பனங்கட்டி ஒரு நிமிஷம் யோசித்தது. காலை ஊன்றியது. எடுத்தது. மறுபடியும் ஊன்றியது. பிறகு நொண்டிக்கொண்டே போய் வேலியோரப் புல்லைக் கடித்தது. பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரில் யாரும் கை தட்டவில்லை. சென்னிமலை மட்டும் கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தினார்.

வருஷம் திரும்பியது. பனங்கட்டியின் நொண்டல் முழுக்கப் போகவில்லை. ஆனால் ஆறு பெட்டைகளுக்கும் அதுதான் கிடாய் ஆயிற்று. தை மாதத்தில் ஐந்து குட்டிகள் பிறந்தன. ஐந்தும் பிறந்த அரை மணி நேரத்தில் எழுந்து நின்றன. கால்கள் நேராக இருந்தன. ஓர் ஆடு மட்டும் சினை பிடிக்கவில்லை. அதற்கு என்ன கொடுக்கலாம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

எலும்புக்குள் உட்கார்ந்துவிட்ட துத்தநாகங்கள் ஒரே நாளில் வெளியேறிவிடவில்லை. எலும்பில் உட்கார்ந்தது எதுவும் சீக்கிரம் எழுந்திருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்கில், ரத்தம் வருகிற வழியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். குட்டிகள் பிறந்த அந்த வாரத்தில்தான் கடைசிக் கூட்டம் கிளம்பியது. இருக்க வேண்டிய நாலைந்து பேர் இருந்துகொண்டார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள். அவர்களில் ஒன்று மட்டும் நின்று, தயங்கி, எலும்பைக் கேட்டது.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு."

"நாங்க ஒத்தாசைக்குன்னுதான் வந்தோம். யாரையும் அடிக்கல. ஒருத்தர் பொருளைத் தொடல. சொன்ன எடத்துல நின்னோம். எடம் இல்லைன்னப்பக்கூட ஒதுங்கித்தான் உக்காந்தோம். எங்க மேல என்னங்க தப்பு?"

எலும்பு யோசித்தது. அந்த இரண்டு மாதத்தையும் முதலிலிருந்து ஒரு தரம் நினைத்துப் பார்த்தது. கோபப்படலாமா என்றுகூட யோசித்துப் பார்த்தது. கோபப்படுவதற்கு அதில் ஓர் ஆளும் அகப்படவில்லை.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றது எலும்பு. "எல்லாரும் வந்தீங்க. அவ்வளவுதான்."